என்னையும் வச்சுப் பூட்டுங்க

எங்கள் ஊரில் ஊராட்சித் தலைவர் என்று யாரும் சொல்வதில்லை, பிரசிடெண்டு என்றுதான் சொல்வார்கள். நான் பிரசிடெண்டாகி இரண்டாவது வருஷம், மக்காச்சோளம் கதிர் பிடித்திருந்த நேரம், தேவாரத்து மலையிலிருந்து இறங்கிய ஒற்றை யானை எங்கள் ஊர்க்காரர் ஒருவரை அடித்துக் கொன்றுவிட்டது. விடிந்ததும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர். இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன்.

அன்று காலை நான் போடியில் யூனியன் ஆபீசுக்குப் போயிருந்தேன். எங்கள் ஊராட்சி கிளர்க்கிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, வெரசா வாங்க. பொணத்த போடி ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டாச்சு. விசாரிக்க வந்த பாரஸ்ட்காரங்க ரெண்டு பேர நம்ம ஆபீசுக்குள்ள தள்ளிப் பூட்டிட்டாக. பெட்ரோல் கொண்டாங்கடான்னு ஒருத்தன் கத்துறான்.”

“போலீசுக்குச் சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன். அவுக வர்ற வரைக்கும் கதவு தாங்காதுக்கா.”

ஆட்டோ பிடித்தேன். ராசிங்காபுரம் தாண்டும்வரை எனக்கு ஒன்றுமே யோசனை வரவில்லை. அப்புறம் பழைய பிரசிடெண்டு ஞாபகம் வந்தது.

எங்கள் ஊரில் எனக்கு முன்னால் பிரசிடெண்டாக இருந்த பொம்பளை அவர் ஒருவர்தான். என்னைப் போலவே ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஜீப்பில் கூலிக்குப் போனவர். நான் ஏலக்காய்ப் பழம் எடுக்கப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் எங்களுக்கு முன்னால் போன ஜீப்பு வளைவில் உருண்டுவிட்டது. மூன்று பெண்கள் போய்விட்டார்கள். டிரைவருக்குக் கை மட்டும் ஒடிந்திருந்தது. ஊருக்குள் கொண்டுவந்து இறக்கியதும் பஸ் ஸ்டாப்பில் வைத்து அவனைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். அடி விழ ஆரம்பித்த நேரத்தில்தான் பிரசிடெண்டு வந்தார். சத்தம் போடவில்லை. டிரைவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பொணங்கள இறக்க ஆளு வேணும். நீ வர்றியா? நீ? வீட்டுல இருக்குற பிள்ளைகள யாரு பாக்குறது? ஆத்தா, நீ போ. பந்தலுக்குக் கம்பு யாரு கொண்டார்றது?” என்று ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டுக் கேட்டார். கேட்கக் கேட்கக் கூட்டம் கரைந்தது. கடைசியில் டிரைவரோடு நின்றது அவர் மட்டும்தான். அவனை ஒரு பால் வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

தேர்தலில் நின்றபோது யாராவது ஏன் நிற்கிறாய் என்று கேட்டால் என் மனசுக்குள் ஓடியது அந்தப் பஸ் ஸ்டாப்புதான். நான் ஜெயித்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

ஆட்டோ ஊருக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. ஆபீசு வாசலில் நிற்க இடமில்லை. ஜன்னல் கண்ணாடி உடைந்து கிடந்தது. கதவுக்கு முன்னால் செத்துப்போனவரின் தம்பி நின்றான். சாவி அவன் கையில் இருந்தது.

பழைய பிரசிடெண்டு செய்ததை நானும் செய்து பார்த்தேன். “போடிக்குப் போக ஆளு வேணும். அண்ணே, நீங்க போங்க. பொம்பளையாளுக நாலு பேர் அவுக வீட்டுக்குப் போங்கத்தா” என்றேன். பெரியவர்கள் சிலர் நகர்ந்தார்கள். பெண்கள் போனார்கள். ஆனால் இளவட்டங்கள் அசையவில்லை. போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவன், “சோலி குடுத்து ஆள விரட்டப் பாக்குறீகளா?” என்றான். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வழிதான்.

தம்பியின் பக்கத்தில் போனேன். “சாவியக் குடு அப்பு.”

“குடுக்க மாட்டேன்க்கா. நேத்துச் சாயங்காலமே போன் பண்ணோம். யானை ஓடையில நிக்குதுன்னு சொன்னோம். ஒருத்தனும் வரல. இன்னைக்கு மட்டும் எதுக்கு வந்தாங்ய?”

“அதக் கேக்கணும். நான் உள்ள போய்க் கேக்குறேன்.”

“கதவத் திறந்தா எல்லாரும் உள்ள பூந்துருவாக.”

“அப்ப என்னையும் வச்சுப் பூட்டு.”

அவன் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து என்னைத் தள்ளிவிட்டு மறுபடி பூட்டினான்.

உள்ளே இரண்டு பேர் பீரோ மறைவில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவயது பாரஸ்ட் கார்டு ஒருவர், இன்னொருவர் யானை விரட்டும் வாட்சர். கார்டின் கையில் கண்ணாடி கீறி ரத்தம் வடிந்தது. முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டேன். வெளியே கதவை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு உதைக்கும் தாழ்ப்பாள் ஆடியது.

“நேத்து அவன் பண்ணுன போன எடுத்தது யாரு?” என்று கேட்டேன்.

கார்டு தலையைக் குனிந்துகொண்டார். “நான்தாம்மா. ஜீப்பு வேற பக்கம் போயிருந்துச்சு. பைக்குல வந்திருக்கலாம். தனியா வந்து என்ன செய்யப்போறோம்னு இருந்துட்டேன்.”

“இத அந்தத் தம்பிகிட்டச் சொல்லுவீங்களா?”

“அடிச்சே கொன்னுருவாங்கம்மா.”

மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்தாலும் நடக்கும். அவர் செத்தால் அதற்கு நான்தான் காரணம் என்று ஆகிவிடும். வெளியே யாரோ, “பெட்ரோல் வந்துருச்சு” என்றார்கள். கார்டு எழுந்தார். தானாகவே ஜன்னலுக்குப் போனார்.

“தம்பி” என்று கூப்பிட்டார். “நீங்க போன் பண்ணீங்க. நான்தான் எடுத்தேன். வரல. வந்திருக்கணும்.”

சத்தம் சட்டென்று நின்றது. தம்பி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “திரும்பச் சொல்லு” என்றான்.

“வந்திருக்கணும். என் தப்புதான்.”

பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. கார்டும் வாட்சரும் எனக்குப் பின்னால் வந்தார்கள். வாசலில் தம்பி கார்டின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். கார்டு கையைத் தூக்கவில்லை. கூட்டத்தில் இன்னொரு கை எழுந்தால் எல்லாம் முடிந்தது. தம்பி படியில் உட்கார்ந்து, “அண்ணே, அண்ணே” என்று அழ ஆரம்பித்தான். கத்திக்கொண்டிருந்தவர்கள் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தேன். பின்னாலிருந்து வந்த கல் ஒன்று என் தோளில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் ஓடிவிடுவேன் என்று தெரியும். ரோட்டில் போலீஸ் ஜீப்பு அப்போதுதான் வந்து நின்றது. பூட்டியது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கார்டு சொன்னார்: “கூட்டத்துல யாருன்னு தெரியல சார்.”

அன்று சாயங்காலம் போடியிலிருந்து உடல் வந்ததும் எரித்தோம். யானையை நாலு நாள் கழித்து மலைக்கு விரட்டி ஏற்றிவிட்டார்கள். இப்போது கதிர் பிடிக்கும் மாதங்களில் ஓடைக்கரையில் வாட்சர்கள் தங்குகிறார்கள். அதற்காக நான் கலெக்டர் ஆபீசுக்கு நடந்த நடை கொஞ்சமல்ல.

பாரஸ்ட்காரங்களைக் காப்பாற்றியவள் என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் இன்னும் சொல்கிறார்கள். தம்பி என்னோடு பேசுவதில்லை. போன மாதம் ரேஷன் கடையில் எனக்கு முன்னால் நின்றான். “எப்படி இருக்க அப்பு?” என்று கேட்டேன். அவன் பையை எடைக்காரரிடம் நீட்டினான். ஆனால் அவனோடு வந்திருந்த அண்ணன் மகள், பெரியவள், என் பக்கம் திரும்பி, “நல்லா இருக்கோம் அத்தை” என்றாள். அவன் அவளைத் தடுக்கவில்லை.