எங்கள் கிளப்பின் அழுக்குத்துணிச் சரித்திரம்

ஜெர்சி துவைக்கிறவளுக்கு ஆட்டத்தைப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எவன் ஓடினான், எவன் ஓடுகிற மாதிரி நின்றான் என்பதை வாளித் தண்ணீரே சொல்லிவிடும். உங்கள் வீட்டிலும் பந்தாடுகிற பிள்ளையோ புருஷனோ இருந்தால் நான் சொல்வது புரியும். எத்தனை தேய்த்தாலும் போகாத அந்தப் புல் கறை, காலுறையைக் கையில் எடுத்தால் எழும்பும் அந்த வாசனை. நாமெல்லாம் ஒரே கட்சி.

கல்கத்தாவின் டாக்குரியாவில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், எங்கள் பாராவில் ஒரு சின்ன மைதானம் இருக்கிறது. பாரா என்றால் இங்கே நாலைந்து தெரு சேர்ந்த அக்கம்பக்கம். விளையாட்டுக்கென்றே விட்ட இடம் அது. அங்கே ஆடுகிற எங்கள் கிளப்பின் பெயர் பாராவைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது. புதிதாக எழும்பிய ஃபிளாட்டின் செயலாளர் தத்தா பாபு, அந்த இடத்தைக் கார் நிறுத்த எடுத்துக்கொள்ளலாம் என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். கூடவே ஒரு கேள்வியும் போட்டிருந்தார்: "இந்தக் கிளப்புக்கு அப்படி என்ன சரித்திரம் இருக்கிறது?"

எனக்குப் படிப்பு எட்டாவது வரைதான். ஆனாலும் ஒருவர் கேட்ட பிறகு பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை.

ரெண்டே வாரம்

நான் கல்யாணமாகி மன்னார்குடியிலிருந்து கல்கத்தா வந்த புதிது. என் வீட்டுக்காரர் ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீசில் வேலையாக இருந்தார். பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த ஊர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் கூட்டம் போட்டார்களாம். வந்தவர்களில் இவர் ஒருவர்தான் பாதியில் எழுந்து போகவில்லை. அதனால் இவரையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

கிளப்புக்கு ரூம் கிடையாது. ஜெர்சி, வலை, கொடி, காற்றடிக்கும் பம்பு எல்லாம் ஒரு மிட்டாய்க் கடைப் பரணில் இருந்தன. அந்தக் கடையை நிரந்தரமாக மூடியதும் அத்தனையையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு இவர் வீட்டுக்குத் தூக்கி வந்தார். துளசிச் செடி வைக்கலாம் என்று நான் பெருக்கி வைத்திருந்த பால்கனியில் இறக்கி, "ரெண்டே வாரம், கோமு. அப்புறம் கிளப்புக்கு ரூம் வந்துடும்" என்றார். துளசி சமையலறை ஜன்னலுக்குப் போயிற்று. அதன் பிறகு எனக்கு மகனும் மகளும் பிறந்து, படித்து, வேலை கிடைத்து, ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். போன பூஜை லீவுக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகன், பால்கனியில் நாற்காலி போட இடமில்லாமல் பெட்டி மேலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு கேட்டான்: "ஏம்மா, அப்பாவோட ரெண்டு வாரம் இன்னும் முடியலையா?"

தயிர்சாதம்

பையன்கள் முதலில் என்னை "பௌதி" என்றார்கள். அண்ணி என்று அர்த்தம். தலை நரைத்ததும் "மாசிமா" ஆனேன். சித்தி, பெரியம்மா மாதிரி. பௌதியாக இருந்தபோது நடந்தது இது. எங்கள் கிளப் ஒரே ஒரு தடவைதான் டோர்னமென்ட் ஃபைனல் வரை போனது. அதுவும் கொளுத்துகிற வைகாசி மாதம். பாவம், வெயிலில் ஓடப்போகிற பிள்ளைகள், வயிறு குளிர்ந்து போகட்டும் என்று ஒரு பெரிய அடுக்கு நிறையத் தயிர்சாதம் பிசைந்தேன். இஞ்சி, பச்சைமிளகாய், கடுகு தாளித்து, மேலே மாதுளம்பழ முத்து தூவி, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொண்டு போனேன்.

மீன் சோறு சாப்பிட்டு வளர்ந்த பையன்கள் வேண்டாம் என்பார்கள் என்று பயந்தேன். அடுக்கை வழித்துவிட்டார்கள். முதல் பாதி எப்படியோ போயிற்று. இரண்டாம் பாதியில் பந்து எங்களைத் தாண்டிப் போனால் திரும்பிப் பார்க்கவே ஒருவனுக்கும் மனசு வரவில்லை. லெஃப்ட் பேக் கோல் கம்பத்தில் சாய்ந்து நிற்பதை என் கண்ணால் பார்த்தேன். இரண்டாம் பரிசுக் கோப்பை இன்றைக்கும் என் சாமி அலமாரியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அன்றைய கேப்டன் பாப்லு, இன்றைக்கு அவன்தான் கோச், கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுக் கொட்டாவியோடு சொன்னான்: "பௌதி, ரொம்ப நல்லா இருந்தது. அடுத்த தடவை இதை எதிர் டீமுக்குக் கொடுங்க."

கார்டன் ரீச்சில் மூன்று ஞாயிறு

கார்டன் ரீச்சில் கப்பல் பட்டறைப் பக்கத்து டீம் ஒன்றோடு ஆட்டம். மாற்று ஜெர்சி மூட்டையைத் தூக்க ஆளில்லாமல் நானே போனேன். நல்ல மழை. அந்தப் பையன்கள் ஒவ்வொருத்தனும் கதவு மாதிரி இருந்தான். எங்கள் வலையில் ஏழு கோல் விழுந்தது. கோட்டுக்கு வெளியே குடை பிடித்து நின்ற அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "இதுக்கா இத்தனை பஸ் மாறி வந்தீங்க?" என்று சிரித்தார். மூக்கில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே பாப்லு, "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரலாமா, காக்கு?" என்று கேட்டான். காக்கு என்றால் சித்தப்பா. சண்டைக்குப் போகிற குரலே இல்லை. பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கிற குரல்.

சொன்னபடி போனோம். நாலு கோல் விழுந்தது. அதற்கடுத்த ஞாயிறும் கேட்காமலே போய் நின்றோம். நான் கோட்டோரம் உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே கந்த சஷ்டி கவசம் முழுக்கச் சொல்லி முடித்தேன். அன்றைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல், சரிசமம். நாங்கள் மூட்டை கட்டும்போது அந்தப் பெரியவர் குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "போதும்ப்பா," என்றார். "இதோட நிறுத்திக்கலாம். இனிமே வராதீங்க."

உடைந்த தேங்காய்

நம் சித்திரை முதல் நாளுக்கு அடுத்த நாள்தான் பெரும்பாலும் இந்த ஊரில் வருஷப் பிறப்பு. அன்று காலையில் கால்பந்து கிளப்புகளில் கோல் கம்பத்துக்குப் பூஜை செய்வார்கள். மாலை, சந்தனம், புரோகிதர் எல்லாம் உண்டு. மற்றவர்களுக்கு அது விளையாட்டாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரிந்ததே இல்லை. அரிவாள்மணைக்கும் சைக்கிளுக்கும் ஆயுத பூஜையில் பொட்டு வைக்கிற நமக்குக் கம்பம் மட்டும் என்ன குறைச்சல்?

ஒரு வருஷம் புரோகிதர் வரவில்லை. ஊரில் இருக்கிற எல்லாக் கிளப்புக்கும் அன்றைக்கே அவர் வேண்டும். பையன்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கம்பத்தடியில் கோலம் போட்டேன், விளக்கேற்றினேன், கற்பூரம் காட்டினேன், நம் வழக்கப்படி ஒரு தேங்காயையும் படீரென்று உடைத்தேன். இங்கே தேங்காயை முழுசாகக் கலசத்தின் மேல் வைப்பதுதான் வழக்கம் என்பது எனக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வரவில்லை. கோல்கீப்பர் சிதறிய மூடியைக் குனிந்து பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்: "மாசிமா, இந்த வருஷம் நம்ம டிஃபன்ஸும் இப்படித்தான் ஆகுமா?"

மூங்கில் குழி

துர்கா பூஜைப் பந்தலுக்கு வருஷா வருஷம் எங்கள் மைதானம்தான். கம்பங்களைப் பிடுங்கிச் சுவரோரம் படுக்க வைத்துவிட்டு மூங்கில் நடுவார்கள். அம்மனைக் கரைத்து, பந்தலைப் பிரித்த பிறகு மைதானம் முழுக்கக் குழி. மூடாமல் விட்டால் கணுக்கால் பிசகும். அதனால் பையன்கள் மண்வெட்டியோடு வருவார்கள். நானும் பக்கத்து வீட்டுப் பெண்களும் பழைய வாளியில் மண் சுமப்போம்.

போன வருஷமும் வாளியோடு போனேன். குழிகளின் மேல் கார்கள் நின்றன. முதலில் ஒன்று, மறு வாரம் நாலு, அப்புறம் நான் எண்ணவில்லை. கோல் கம்பம் நடுகிற இடத்தில் தத்தா பாபுவின் வெள்ளைக் கார். கெட்ட மனிதர் இல்லை. என்னைப் பார்த்தால் கைகூப்பாமல் போகமாட்டார். நான் சேலையைச் செருகிக்கொண்டு அவர் காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்த குழியில் மண்ணைக் கொட்டினேன். கைப்பிடி கைப்பிடியாக அழுத்தினேன். பார்த்துக்கொண்டு நின்றவர் சொன்னார்: "எதுக்கு மாசிமா இந்தக் கஷ்டம்? இனிமே இங்கே யாரும் ஓடப் போறதில்லையே." நான் அடுத்த குழிக்கு நகர்ந்தேன்.

சாமியைக் காவல் வைக்கிற யோசனை

மாசி மாதம் வரைக்கும் பையன்கள் கார்களுக்கு நடுவே செங்கல் வைத்து ஆடினார்கள். ஒரு நாள் சாயங்காலம் பாப்லு வீட்டுக்கு வந்தான். ரகசியம் பேசுகிற முகம். "மாசிமா, ஒரு வழி இருக்கு. மைதானத்து ஓரத்துல இருக்கற கடம்ப மரத்தடியில ஒரு கல்லு வைப்போம். நீங்க தினம் விளக்கேத்துங்க, பூ போடுங்க. நீங்க செஞ்சா ஒருத்தனும் சந்தேகப்படமாட்டான். அப்புறம் எவன் காரை நிறுத்துவான்?"

என் வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "பிள்ளையாராவே வச்சுடலாம்" என்றார். நான் சாமி அலமாரி முன்னால் போய் உட்கார்ந்தேன். விளக்கைப் பார்த்தபடி யோசித்தேன். பொய்யாக வைத்தாலும் விளக்கு ஏற்றிய பிறகு அது எனக்குச் சாமிதான். அவரைக் கொண்டுபோய்க் கார் விரட்ட நிறுத்துவதா? இன்னொன்றும் தோன்றியது. இரண்டு தெரு தள்ளி இப்படித்தான் ஒரு கல் வந்தது. பிறகு தகரக் கூரை, டைல்ஸ், இரும்பு கேட்டு, ஒலிபெருக்கி என்று வரிசையாக வந்தன. இப்போது அங்கே ஒரு குழந்தை ரப்பர் பந்து கூட உருட்ட முடியாது.

எழுந்து வந்து சொன்னேன். "வேண்டாம் பாப்லு. கார் காலையில ஆபீசுக்குப் போயிடும். சாமி எங்கே போவார்? நம்ம பையன் கார்னர் அடிக்கணும்னா அவரைத் தள்ளி உட்காரச் சொல்ல முடியுமா? மைதானம் பிள்ளைங்களோடது. அதை அப்படியே சொல்லித்தான் கேட்கணும்."

பாப்லு என் நெற்றிக் குங்குமத்தையும் திருநீற்றையும் மாறி மாறிப் பார்த்தான். "கடைசியில நீங்களும் கம்யூனிஸ்ட் ஆயிட்டீங்களா, மாசிமா?"

வெள்ளைக் காரின் வேண்டுதல்

இந்த வருஷப் பிறப்பு அன்று விடிந்ததும் பையன்கள் சுவரோரம் கிடந்த கம்பங்களைத் தூக்கினார்கள். ஒரு பக்கத்து கோலை நட்டாயிற்று. மறுபக்கத்தில், குழியின் மேலேயே வெள்ளைக் கார். நான் தாம்பாளத்தோடு அதன் முன்னால் போய் நின்றேன். ஃபிளாட்டிலிருந்து தத்தா பாபு இறங்கி வந்தார், பின்னால் இன்னும் நாலு பேர். நான் நகரவில்லை.

"இன்னைக்கு லீவு, மாசிமா. நான் வெளியே போகலை. காரை எங்கே கொண்டு போய் வைப்பேன்?" என்றார்.

"வைக்கிற இடம் உங்க இஷ்டம், தத்தா பாபு. கம்பம் இந்தக் குழியிலதான். நாலு மணிக்கு ஆட்டம், வருஷா வருஷம் மாதிரி."

"கார் நிக்கறப்போவா ஆடுவீங்க? என்ன மாசிமா, மிரட்டறீங்களா?"

"நானா? குறி பார்த்து அடிக்கிற பையன்களா இருந்தா எனக்கென்ன பயம், உங்க கார் பத்திரம்னு சொல்லிட்டுப் போயிடுவேன். இவங்க கோலுக்கு அடிச்சா கோல் தவிர எல்லா இடத்துலயும் படும். என் வீட்டு ஜன்னலைக் கேளுங்க."

பையன்கள் தலை குனிந்தார்கள். மூன்றாம் மாடியிலிருந்து அவர் மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. "எடுத்துடுங்களேன்! வருஷப் பிறப்பும் அதுவுமா அவங்க எவ்வளவு நேரம் தட்டோட நிப்பாங்க?" என்று சொல்லி, சாவியைத் தூக்கிக் கீழே போட்டாள். அது கடம்ப மரத்தடியில் விழுந்தது. பாப்லு ஓடிப்போய் எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான்.

கார் நகர்ந்தது. கம்பம் நின்றது. இந்தத் தடவை தேங்காயை உடைக்காமல் முழுசாகவே வைத்தேன். மற்றக் கார்களும் ஒவ்வொன்றாக ஓரம் போயின. முழுசும் போகவில்லை, ஒரு பக்கம் பந்தை த்ரோ எறிய இன்னும் இரண்டு பம்பருக்கு நடுவே நுழைய வேண்டியிருக்கிறது. அதையும் கேட்போம், விடமாட்டோம். தத்தா பாபு பிடிவாதமாகத் தன் காரைக் கோலுக்கு நேர் பின்னாலேயே நிறுத்திவிட்டார். வலையைத் தாண்டினால் அவர் கண்ணாடி. நாலு மணிக்குப் பால்கனியில் வந்து நின்றவர் ஆட்டம் முடிகிற வரைக்கும் உட்காரவில்லை. எங்கள் பையன் ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடும்போதெல்லாம் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார். அன்றைக்கு மூன்று பந்து வலைக்குள் போயிற்று. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் பாரா முழுக்க அவர் குரல்தான்: "உள்ளே அடிடா! கடவுளே, கோலுக்கு உள்ளே அடிடா!"

இத்தனை வருஷம் நான் விழுந்து விழுந்து கும்பிட்டும் விழாத கோல் இவர் காருக்காகக் கும்பிட்டதும் விழுகிறது என்றால், நானும் அப்போதே ஒரு கார் வாங்கியிருக்க வேண்டும்.