ஸ்டோர்காரர் கட்டிக் காத்த தெரு

"என் கையால ஒரு பொருள் வெளிய போச்சுன்னு சரித்திரமே கிடையாது. இனிமேலும் போகாது!"

தெரு மரபுக் கூடத்தின் திறப்பு விழாவில், மைக்கை விழுங்கிவிடுவது போல் பிடித்துக்கொண்டு ஸ்டோர்காரர் இப்படி முழங்கியபோது கூட்டம் கைதட்டியது. அதை வாக்குறுதி என்று நினைத்துத் தட்டினார்கள். எச்சரிக்கை என்று புரிய அவர்களுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. பஸ் டிப்போவில் உதிரி பாக ஸ்டோருக்குக் காவல் இருந்தே தலை நரைத்தவர். பிரேக் கட்டை வேண்டும் என்று மெக்கானிக் வந்து நின்றால், "தேஞ்சதைக் கொண்டா, பார்க்கலாம்" என்பார். கொண்டுவந்தால் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தேயட்டும்" என்பார். அவர் காலத்தில் அலமாரிகள் நிரம்பி வழிந்தன. பஸ்கள் ஷெட்டில் படுத்து ஓய்வெடுத்தன. அவர் ஓய்வு பெற்ற அன்று மெக்கானிக்குகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். ஆனந்தம் எப்படியெல்லாம் வெளிப்படுகிறது பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை டப்பாக்களைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டார். மனைவி சர்க்கரை கேட்டால் காலி டம்ளரைக் காட்டச் சொன்னார். நான்கு நாள் பொறுத்த அந்த மகராசி, ஐந்தாம் நாள் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"என்னங்க, ஒண்ணு நீங்க வெளிய போங்க, இல்லாட்டி நான் போறேன்."

அவர் வெளியே போனார். தெருவின் பண்பாடு அன்றைக்குத்தான் ஆபத்தில் சிக்கியது.

தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த படிப்பகத்தைத் தெருச் சங்கத்திடம் கேட்டு வாங்கி, வீடு வீடாக ஏறி இறங்கினார். மக்கள் பங்கேற்பு என்பது அவர் அகராதியில் ரொம்ப எளிமையான விஷயம்: மக்கள் கொடுக்க வேண்டும், அவர் வைத்துக்கொள்வார். "நாளைக்கு உங்க பேரன் இதையெல்லாம் பார்க்கணுமா, வேண்டாமா?" என்று கேட்பார். பேரன் பக்கத்திலேயே நின்று, பொருள் வாசல் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். பெயின்டரின் ஏணி போயிற்று. பெயின்டர் அதற்குப் பிறகு கைக்கு எட்டிய உயரம் வரைதான் பெயின்ட் அடித்தார். வாத்தியாரின் சாய்வு நாற்காலி போயிற்று. வாத்தியார் நின்றுகொண்டே பேப்பர் படித்து, நின்றுகொண்டே தூங்கவும் பழகினார்.

சுற்றுச்சூழலிலும் அவருக்கு அக்கறை அதிகம். கூடத்துக்காகப் புதிதாக எதையும் வாங்குவதில்லை என்பது கொள்கை. காட்சிப் பெட்டிகளுக்கான கண்ணாடியை அக்கம்பக்கத்து ஜன்னல்களிலிருந்தே கழற்றிக்கொண்டார். அந்த மழைக்காலத்தில் தெருவே மரபுக்காக நனைந்தது.

கூடத்தின் பின்வாசலுக்கு நேர் எதிரே, சந்தில், ஒற்றை அறையில் தையலக்கா இருந்தாள். கணவன் ஓடிப்போனபோது, தூக்கிக்கொண்டு ஓட முடியாத ஒரே காரணத்தால் அவளுக்கு மிஞ்சியது ஒரு தையல் மிஷின். இரும்புக் கால், கால் மிதி, கறுத்த உடம்பு. அவன் பாட்டி காலத்துச் சரக்கு. பள்ளிக்கூடம் போகும் மகளும் அவளுமாக அந்த மிஷினின் சத்தத்தில்தான் சாப்பிட்டு வந்தார்கள்.

"ஒரே ஒரு நாள்தாம்மா," என்றார் ஸ்டோர்காரர். "திறப்பு விழாவுக்கு அழகா இருக்கும்."

ஒரு நாள்தானே என்று கொடுத்தாள். மறுநாள் காலை போய்ப் பார்த்தால், மிஷினைச் சுற்றிக் கண்ணாடி எழும்பியிருந்தது. அதில் பாதி அவள் வீட்டு ஜன்னல். பித்தளைத் தகட்டில் அவள் பெயரும், கீழே 'நன்கொடை' என்ற எழுத்தும் பளபளத்தன.

"சார், என் மிஷின்..."

"பேரைப் பார்த்தியாம்மா? பித்தளை! இந்தத் தெருவுல யாருக்கு இருக்கு?"

"பேரு நல்லாத்தான் இருக்கு சார். அதை வச்சுத் துணி தைக்க முடியாதே."

"நீ உன் வயித்தை நினைக்கிற. நான் வருங்காலத்தை நினைக்கிறேன்."

தெருவிடம் முறையிட்டாள். பெயின்டர்தான் முதலில் முகத்தைத் திருப்பினார். "என் ஏணியே வரல. உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" மற்றவர்களும் அதையே வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். தன் பொருள் போன துக்கத்தை விட, அடுத்தவர் பொருள் திரும்பிவிடுமோ என்ற பயம்தான் அவர்களை ஒற்றுமையாக வைத்திருந்தது.

வாடிக்கையாளர்கள் மெயின் ரோட்டு ரெடிமேட் கடைக்கு நகர்ந்தார்கள். அவள் பொத்தான் கட்டியும் ஓரம் அடித்தும் கையாலேயே காலம் தள்ளினாள். விரல் நுனியெல்லாம் சல்லடை ஆயிற்று. அது கண்ணில் பட்டதும் ஸ்டோர்காரர் மனம் இளகிவிட்டார். சனிக்கிழமைதோறும், கண்ணாடியின் ஒரு பக்கத்தைத் திறந்துகொண்டு, பார்வையாளர்கள் முன்னால் அவள் தன் சொந்த மிஷினிலேயே உட்காரலாம் என்று சலுகை கொடுத்தார். பதவியின் பெயர், 'வாழும் மரபு'. சம்பளம், ஒரு டீ.

"துணி மட்டும் வைக்காதம்மா. நூலும் கோக்காத. கோத்தா அது உபயோகம் ஆயிடும். சும்மா மிதி, போதும்."

அவள் மிதித்தாள். ஊசி ஏறி இறங்கியது, ஒன்றும் தைபடவில்லை. ஒரு சனிக்கிழமை, சின்னப் பெண் ஒருத்தி கண்ணாடிக்குள் நுழைந்து, "அம்மா, இது பொம்மையா, ஆளா?" என்று கேட்டுக்கொண்டே தையலக்காவின் முழங்கையைக் கிள்ளிப் பார்த்தாள். தையலக்கா அசையவில்லை. "தத்ரூபமா செஞ்சிருக்காங்க," என்றாள் அம்மா.

இப்படி எல்லாம் சிறப்பாக நடந்துகொண்டிருக்கையில், பண்பாட்டுத் துறையிலிருந்து கேடயம் வரப்போகிறது என்று செய்தி வந்தது. அதிகாரியே நேரில் வந்து கொடுப்பாராம். ஸ்டோர்காரர் தன் கல்யாண பேன்ட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தார். புதிது வாங்குவது கொள்கைக்கு விரோதம் அல்லவா?

"என்னங்க, நீங்க மூச்சு விட்டா அது தாங்காது," என்றாள் மனைவி.

"விடலன்னா போச்சு."

விழா நாள். தெருவே கூடத்து முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. அதிகாரியின் கார் முனையில் திரும்பிவிட்டது. உள்ளே ஸ்டோர்காரரும், மிஷின் முன்னால் அமர்த்தப்பட்டிருந்த வாழும் மரபும் மட்டுமே. மிதியில் தூசி தெரிகிறதே என்று அவர் குனிந்தார்.

அந்தச் சத்தத்தை விவரிக்க வேண்டாம். இடுப்பில் கிளம்பி முழங்கால் மடிப்பு வரை போயிற்று.

பழைய நாடக சபையின் சிவப்புத் திரைச்சீலை ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. பாய்ந்து அதை இழுத்துச் சுற்றிக்கொண்டு, பேன்ட்டைக் கழற்றி நீட்டினார்.

"சீக்கிரம் அடிச்சுக் கொடும்மா!"

தையலக்கா மறுபேச்சில்லாமல் வாங்கி, ஊசிக்கு அடியில் வைத்து மிதித்தாள். மிஷின் கடகடவென்று ஓடியது. பேன்ட்டில் வரிசையாக ஓட்டைகள் விழுந்தன.

"என்னம்மா பண்ற?"

"நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரிதான் சார். துணியே வைக்கக் கூடாது, உங்களுக்காக வச்சேன்."

"நூலைக் கோத்து அடி!"

"நூல் வீட்ல இருக்கு. வெளிப் பொருள் உள்ள வரக் கூடாதுன்னு நீங்கதான் போர்டு மாட்டியிருக்கீங்க. மிஷின் அங்க வந்தா ஒரு நிமிஷ வேலை."

"கையால தைச்சுடேன், தாயே!"

அவள் கிழிசலை ஏற இறங்கப் பார்த்தாள். "இது கிழிசலா சார்? ரோடு. கையால தைச்சா ராத்திரி ஆயிடும்."

முன்வாசலில் சங்கத் தலைவர் மைக்கைத் தட்டினார். "தன் கையால ஒரு குண்டூசியைக் கூட வெளிய விடாத மாமனிதர்..."

மாமனிதர் பின்வாசல் தாழ்ப்பாளை ஓசைப்படாமல் விலக்கினார். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அவர். இரும்பு கனத்தது. திரைச்சீலை நழுவ நழுவ, அதைப் பல்லால் கடித்துக்கொண்டு தூக்கினார். சந்தைத் தாண்டி, அவள் அறைத் தரையில் நான்கு கால்களின் தடமும் அப்படியே இருந்த இடத்தில் மிஷினை இறக்கினார்கள்.

"வெளிய நில்லுங்க சார். உங்களை இந்தக் கோலத்துல பார்த்துக்கிட்டே தைச்சா தையல் கோணிக்கும்."

நின்றார். கதவு சாத்திக்கொண்டது, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. ஒரு பேன்ட்டுக்கு இவ்வளவு சத்தம் எதற்கு? ஜன்னலில் எட்டிப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் நன்றாகவே தெரிந்தது. அவள் மகளின் பள்ளிச் சீருடையைத் தைத்துக்கொண்டிருந்தாள். பேன்ட் எதிர்ச் சுவரில், ஆணியில் தொங்கியது.

"என்னம்மா, என் பேன்ட்?" என்றார், தொண்டைக்குள்ளேயே.

"பத்திரமா இருக்கு சார்." அவள் தலை நிமிரவில்லை. "ஒரே ஒரு நாள்தான். சுவத்துக்கு அழகா இருக்கு."

கத்தலாம். கத்தினால் ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்தால் பார்ப்பார்கள். மைக் அவர் பெயரை இரண்டாம் முறை கூப்பிட்டது. அவர் கையிலிருந்து எதுவும் தப்பியதில்லை என்று தலைவர் மறுபடி சொல்ல, தெரு கைதட்டியது. ஸ்டோர்காரர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் கையாலேயே மிஷின் வெளியே போயிற்று. இடுப்பில் சுற்றியிருந்ததும் கூடத்துப் பொருள்தான்.