மாமனார் கழுவிய தட்டு

என் எச்சில் தட்டை என் மாமனார் கழுவிக்கொண்டிருந்தார். காலை எட்டு மணி இருக்கும். நான் இட்லி தின்ற தட்டு. ஓரத்தில் தேங்காய்ச் சட்னி ஒட்டியிருந்தது. அதை நாரால் வட்டமாகத் தேய்த்து, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடியும் தேய்த்தார். கை கழுவ வந்த நான் எச்சில் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். இதில் என்ன இருக்கிறது என்று வேறு ஊர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் கொங்குப் பக்கத்தில், பெண்ணைக் கொடுத்தவர் கை மாப்பிள்ளையின் எச்சில் தட்டில் பட்டது என்று வெளியே தெரிந்தால் மாப்பிள்ளையை ஊர் மென்று துப்பிவிடும். கொலை செய்தவனுக்காவது ஒரு வக்கீல் கிடைப்பார். எனக்கு அதுவும் கிடைக்காது.

அவர் விரும்பி வந்து இருந்தவர் அல்ல. மாமியார் காலமான பிறகு ஆனைமலைக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, சாயங்காலம் பால்காரர் வந்து கூப்பிடும் வரைக்கும் ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். என் மனைவி அவருக்கு ஒரே மகள். போய் அழுது, சண்டை போட்டு, வடவள்ளியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். "பத்து நாளைக்கு வாரனுங்க மாப்பிள்ளை" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் படியேறினார். மகள் வீட்டில் தகப்பன் விருந்து சாப்பிடலாம், வேளாவேளைக்கு உட்கார்ந்து சோறு தின்னக் கூடாது என்பது அவர் தலைமுறையின் சட்டம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். ஆனால் அவர்கள் வயிற்றுக்கு அது தெரியும். மூன்றாம் நாள் காலையில் சமையலறைத் தொட்டியைப் பிடித்தார். பிறகு விடவே இல்லை.

"அப்பா, வெச்சுட்டுப் போங்க, நாங் கழுவிக்கறேன்" என்று மகள் கத்துவாள். "இருக்கட்டும் அம்மிணி. நாப்பது வருசம் மில்லுல மோட்டாரோட கெடந்த கையி. சும்மா வெச்சா வெறைக்குது" என்பார். அவள் பாதி கத்திக்கொண்டிருக்கும்போதே சோறு வடித்த இரண்டு போசிகள் பளபளவென்று கவிழ்ந்திருக்கும்.

மகள் அவரோடு சண்டையாவது போட்டாள். நான் தப்பி ஓடப் பார்த்தேன். கடைசி வாய்ச் சோற்றை விழுங்காமலே எழுந்து தட்டோடு தொட்டிக்கு ஓடுவேன். அவர் எனக்கு முன்னால் அங்கே நிற்பார், கை நீட்டியபடி. பிறகு வாழை இலை வாங்கி வந்தேன். "தெனமும் எலையில சாப்பிடறதுக்கு இதென்ன கல்யாண ஊடுங்களா?" என்று மனைவி கேட்டாள். உடம்புக்கு நல்லது என்றேன். பாக்கு மட்டைத் தட்டு வாங்கினேன். அதையும் கழுவிக் காயவைத்துவிட்டார்! கடைசியில் ஆபீசுக்கு எதிரிலிருந்த பேக்கரியில் நின்றபடி பன்னைத் தின்றுவிட்டு வீட்டில் பசியில்லை என்று சொல்லத் தொடங்கினேன். சொந்த வீட்டில் சோறு தின்ன அஞ்சி பேக்கரியில் ஒளிந்த ஐம்பது வயதுக்காரன் இந்தக் கோயமுத்தூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்த நிலையில்தான் என் சின்னம்மா பொள்ளாச்சியிலிருந்து வந்தார். அவர் வாயில் விழுந்த சேதி அடுத்த முகூர்த்தத்துக்குள் எல்லாக் கல்யாண வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். மாமனார் முதுகு தெரிந்தது. தண்ணீர்ச் சத்தமும் கேட்டது. சின்னம்மா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அன்பாக, எல்லாருக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார்: "ஏஞ் சாமி, வேலைக்கு ஆளு கெடைக்கலியாக்கும்? பொண்ணக் குடுத்தவரையே வெச்சுட்டயே!" அன்று சாயங்காலமே என் மனைவி என்னைக் காந்திபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கினோம். "ஒரு நாளைக்கு ஒரு டீ செலவுதான் சார்" என்றார் கடைக்காரர். எந்தக் கடை டீ என்று நான் கேட்கவில்லை. என் மானத்தை ஒரு டீ விலைக்குத் திருப்பித் தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மெஷின் வந்து உட்கார்ந்ததும் மாமனார் அதைச் சுற்றி வந்தார். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. அதனால் மெஷினுக்குள் தனியாக உப்பு கொட்ட வேண்டும் என்று மாட்ட வந்தவர் விளக்கினார். "உப்ப எடுக்கறதுக்கு உப்பையே கொட்டறதுங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு மாமனார் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நாலு நாள் மெஷின்தான் கழுவியது. நாலு நாளும் அவர் ஒரு வேளைதான் சாப்பிட்டார். இரண்டாவது முறை சோறு வாங்கவே இல்லை. வயிறு மந்தம் என்றார். ஐந்தாம் நாள் குளித்துத் திருநீறு பூசி வந்து, "மாப்பிள்ளை, எது சல்லிசுன்னு கணக்கு வெச்சுப் பாத்துறலாமுங்களா? மிசினா, கையா?" என்று கேட்டார். பம்ப்செட் கம்பெனியில் விலை மதிப்பீடு போட்டே வயிறு வளர்ப்பவன் நான். என்னிடம் போய் அப்படிக் கேட்டால்? சரி என்றேன்.

மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் இல்லையா, சோதனை என்றால் அவருக்கு முழுச் சோதனைதான் சோதனை. மெஷினைத் தவிர வீட்டில் வேறு எதுவும் கரண்ட் இழுக்கக் கூடாது. ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்தினார். சித்திரை மாதம், மத்தியானம். இரண்டரை மணி நேரம் மெஷின் ஓடி முடியும் வரைக்கும் நானும் மனைவியும் ஆளுக்கொரு பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு கூடத்தில் கிடந்தோம். வாசலுக்குப் போய் நின்றால் எதிர்வீட்டுக்காரர், கரண்ட் இருக்கும்போது நீங்கள் மட்டும் ஏன் வேர்த்து வடிகிறீர்கள் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்வதற்கு உள்ளேயே வெந்து சாகலாம். அவர் மட்டும் சந்தோஷமாக மீட்டர் பெட்டிக்கும் சமையலறைக்கும் நடந்தார். கழிவுக் குழாயைப் பக்கெட்டில் விட்டு அந்தத் தண்ணீரையும் அளந்தார். மெஷின் ஒரு யூனிட்டும் கொஞ்சமும் இழுத்தது. தண்ணீர் ஒரு பக்கெட் நிறையவில்லை. மறுநாள் அதே எண்ணிக்கைப் பாத்திரத்தை அவர் கையால் கழுவினார். ஒரு பக்கெட் முடிந்து, மேற்கொண்டு ஒரு சொம்பு ஆனது.

"தண்ணில மிசினு கெட்டிதானுங்க" என்று ஒத்துக்கொண்டார். பொய்க் கணக்குப் போடும் ஆள் இல்லை. ஆனால் கரண்ட் இருக்கிறது, சோப்பு மாத்திரை இருக்கிறது, உப்பு இருக்கிறது, பளபளப்புக்கு ஊற்றும் தைலம் இருக்கிறது. இரண்டு மாத பில்லில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் மொத்த ரேட்டும் மேல்படிக்கு ஏறும் என்பதை வேறு கூட்டினார். கைக்கு? நாரும் பவுடரும். "பாத்தீங்களா மாப்பிள்ளை, கைதான் சல்லிசு."

இங்கேதான் என் நாக்கு சும்மா இருக்கவில்லை. இருபத்தைந்து வருடப் பழக்கம். பொருள், கரண்ட், கூலி, மேல்செலவு என்று நாலு வரி இல்லாத மதிப்பீட்டை நான் பார்த்ததே இல்லை.

"மாமா, கணக்குல ஒண்ணு உட்டுப் போச்சுங்களே" என்றேன், சிரித்துக்கொண்டே. "கூலி போடலீங்க. அதையுஞ் சேத்துனா மிசினுதான் சல்லிசு."

"யாரு கூலிங்க?"

"உங்க கூலிதானுங்க. வெளிய ஆளு வெச்சா மாசம் மூவாயிரங் கேக்கறாங்க."

அவரும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "மூவாயிரமுங்களா?" என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் பார்க்காத ஒரு நிம்மதி அவர் முகத்தில் வந்தது. "அப்பச் செரியாப் போச்சுங்க மாப்பிள்ளை. நாந் திங்கற சோத்துக்கு அத்தன ஆகாது."

அவர் கணக்குப் போட்ட தாளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இத்தனை நாளாக என் மானத்தைக் காப்பாற்றவே நான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த மனுஷர் வேளைக்கு வேளை தன் சோற்றுக்கு விலை கட்டி, அதைத் தொட்டியில் தீர்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நிம்மதியும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவரே மேலே யோசித்துவிட்டார். "மிசினுதான் சல்லிசுன்னா இனி மிசினே கழுவுமுங்க. அப்புறம் நான் எதுக்குங்க இங்க? வர்ற ஞாயித்துக்கெழம மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்பறனுங்க." போகிறேன் என்று அவர் சொன்னது மறுபடி அந்தக் குளியலறைக்கு, அந்த ஈரத் தரைக்கு, சாயங்காலம் வரும் பால்காரருக்கு.

அடுத்த நாலு நாள் நான் பட்ட பாட்டை யாரும் பட வேண்டாம். மெஷினைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றேன். "அப்பா மறுபடி உங்க வட்டலக் கழுவறத உங்க சின்னம்மா பாக்கோணுமாக்கும்?" என்றாள் மனைவி. அவளுக்கு அப்பாவின் கௌரவம். எனக்கு வம்சத்தின் கௌரவம். அவருக்குச் சோற்றின் கௌரவம். மூன்று கௌரவத்துக்கு நடுவில் ஒரு மனுஷன் நுழையக்கூட இடமில்லை. மெஷினை ரகசியமாகக் கெடுத்துவிடலாம் என்று ஒரு வயரைக்கூட உருவிப் பார்த்தேன். பத்தாவது நிமிஷம் மாமனார் வந்து, "ஒரு ஒயரு கழண்டிருந்துச்சுங்க, மாட்டியுட்டேன்" என்றார். எலக்ட்ரீஷியன் இருக்கும் வீட்டில் எதையும் கெடுக்கக்கூட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா வந்தார், பேத்தி கல்யாணப் பத்திரிகையோடு. அவர் வரும் நாளாகப் பார்த்து மாமனாரின் பையும் கதவோரம் உட்கார்ந்திருந்தது. மனைவி மெஷினைத் திறந்து காட்டினாள். சின்னம்மா உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் ஊடு ஊடாட்ட இருக்குது" என்றார். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாமனார் முதலில் முடித்து, தன் தட்டை மட்டும் கழுவி வைத்துவிட்டு, துண்டில் கை துடைத்துக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ரசச் சோற்றைப் பாதியில் விட்டேன். நெஞ்சு அடித்த அடியில், மெஷின்தான் ஓடுகிறதோ என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பிறகு எழுந்தேன். சாம்பாரும் முருங்கைச் சக்கையுமாகக் கிடந்த தட்டை இரண்டு கையாலும் எடுத்துப் போய் அவர் முன்னால் நீட்டினேன்.

"மாமா, இதையுங் கழுவிப் போட்டுருங்க."

சின்னம்மா வாயில் நொறுங்கிக்கொண்டிருந்த அப்பளம் நின்றது. மாமனார் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மிசினு இருக்குதுங்களே?"

"அது எனக்குக் கட்டுபடியாகாதுங்க மாமா. நீங்கதான் கழுவோணும். தெனமும்."

நான் என்ன சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்ததா, இல்லை, கணக்கில் தான் ஜெயித்ததாக நினைத்தாரா, இன்றுவரை தெரியாது. தட்டை வாங்கிக்கொண்டார். "சோறு காயறதுக்கு முன்னாலயே குடுத்துருங்க மாப்பிள்ளை. காஞ்சா நாரு புடிக்காது" என்று சொல்லிக் குழாயைத் திறந்தார்.

"அடப் பாவி!" என்றார் சின்னம்மா. "பொண்ணக் குடுத்த மனுசங்கிட்ட எச்ச வட்டல நீட்டறியேடா, வெளங்குவியா நீ?" மோர் குடிக்காமல் எழுந்து போனார். என் மனைவி கதவோரப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

மூன்று வருடம் இருந்தார். எங்கள் தட்டுகளை அவர் கழுவினார். விருந்தாளி வரும் நாளில் மட்டும் மெஷினுக்கு அனுமதி கொடுத்தார். வாரத்துக்கு ஒரு தடவை அதன் சல்லடையைக் கழற்றிச் சுத்தம் செய்வார். "புதுசாச் சேந்த ஆளு, நாமதான் பாத்துக்கோணும்" என்பார். நான் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் இரண்டு தலை குனிந்து பேசும், மூன்றாவது தலை நிமிர்ந்து என்னைப் பார்க்கும். விளக்கிச் சொல்லியிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். என்னவென்று விளக்குவது? மகள் வீட்டுச் சோற்றுக்கு அவர் கூலி தீர்த்தார் என்றா? அதற்கு என் மானமே போகட்டும். எத்தனையோ பேரைக் கிண்டல் செய்த வாய். வாங்கிக் கட்டிக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

போன ஆடியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் பாத்திரமெல்லாம் கவிழ்த்துவிட்டுப் படுத்தவர் எழவில்லை. துக்கத்துக்குச் சின்னம்மாவும் வந்தார். பெண்களோடு உட்கார்ந்து அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் காதில் விழும்படி பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "இனி யாரு இவன் வட்டலக் கழுவறது?"

மெஷின் இருக்குதே சின்னம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சமையலறையில், அவர் கழுவிக் கவிழ்த்த என் தட்டு கண்ணில் பட்டது.