றிபாவும் ரிபாவும்

அஸ்பியாவின் தோஹா விசா காலாவதியாக இன்னும் பதினைந்தே நாள். கணவர் மசூர் அங்கே போய் ஆறு வருடம். இவள் மட்டும் கல்முனையில், ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில், மாட்டிக்கொண்டு கிடக்கிறாள்.

யாரைக் குறை சொல்ல? தனியார் மருத்துவ நிலையங்களுக்கான நோயாளர் பதிவு மென்பொருள் அவள் செய்ததுதான். தரவுத்தளத்தில் சேமிக்க, தேட, திருத்த என்று முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டளைகளைக் கைப்பட எழுதியிருந்தாள். பெரிய கெட்டிக்காரி! ஆனால் எதற்கும் ஒரு வரி விளக்கம் எழுதி வைக்கவில்லை. அவளை விட்டால் அதைத் தொட ஆளில்லை.

"கட்டளையெல்லாம் தானே எழுதிக்கொள்ற கருவி இரிக்கி. அதுக்கு மாத்தித் தந்திட்டுப் பொயிட்டு வாங்க," என்றார் முதலாளி நளீர். அஸ்பியா சந்தோஷத்தோடு மாற்றி முடித்தாள். பெட்டியும் வாங்கியாயிற்று.

மாற்றியதை நிந்தவூரில் ஒரு மருத்துவ நிலையத்தில் பரீட்சித்துப் பார்த்தார்கள். நபீஸா தன் நாலு வயது மகளோடு வந்தாள். பதிவு செய்பவர் 'ரிபா' என்று அடித்தார். புது நோயாளி என்றது திரை. டொக்டர் மருந்து எழுதப் போனார்.

"ஐயோ டொக்டர், அது புள்ளைக்கு ஒத்துக்காது! போன முறை உடம்பெல்லாம் தடிச்சிப் பெயித்து. நீங்கதானே பதிஞ்ச?"

பதிந்தது உண்மை, 'றிபா' என்ற பெயரில். இந்தக் கரையில் ஒரே பெயரை இன்றைக்கு ற போட்டு எழுதுவார்கள், நாளைக்கு ர. அஸ்பியாவின் பழைய கட்டளை இரண்டையும் ஒன்றாகவே பார்த்தது. கருவிக்கு அதை யார் சொன்னது? அவளே மறந்துபோயிருந்தாள்.

அன்றைக்கே அதைத் திருத்தினாள். ஆனால் இப்படி இன்னும் எத்தனை? யோசித்ததில் ஒன்பது ஞாபகம் வந்தது. பத்தாவது, இன்னொரு பிள்ளைக்கு உடம்பு தடித்தால்தான் தெரியும்.

"திருத்தியாச்சுதானே. நீங்க போங்க, ஒருத்தருக்கும் விளங்காது," என்றார் நளீர்.

மசூரும் தொலைபேசியில் அதையே கேட்டார். "அவரே போகச் சொல்லிட்டார். பொறகென்ன?"

"எனக்கு விளங்குதே," என்று அஸ்பியா அழுதாள். "நான் எப்பிடி வாற?"

மறுநாள் காலை பழைய கட்டளைகள் முந்நூற்றுப் பன்னிரண்டில் முதலாவதைத் திறந்து வரிவரியாக வாசித்தாள். அது ஒன்று முடியவே நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டது.