கீழ்பென்னாத்தூர் மல்லிகாவின் மூன்று மணிப் படம்

செய்தி வந்தபோது நான் தேரடித் தெருவில் மிக்ஸி ஜாரைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். எங்கள் பழைய கேபிள் டிவி அலுவலகத்தில் டெக்னீஷியனாக இருந்த ரவிதான் கூப்பிட்டான். "அக்கா, குணா சார் போயிட்டாரு. காலைல, பெங்களூர்ல பொண்ணு வீட்லதான். சாயங்காலம் இங்க எடுத்துட்டு வர்றாங்க." நான் "எந்த குணா சார்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு குணா சார்தான். ஜார் தயாராக அரை மணி நேரம் ஆகும் என்றார் கடைக்காரர். அந்த அரை மணி நேரமும் அங்கேயே நின்றேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

குணசேகரன் சாரை உங்களில் பலருக்குத் தாலுகா அலுவலக ரெக்கார்ட் ரூமில் தெரியும். எனக்கு அவர் ஓய்வுபெற்ற பிறகுதான் தெரியும். எங்கள் உள்ளூர் சேனலில் தினமும் மதியம் மூன்று மணிக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போடுவோம். புகார் போனை எடுப்பது என் வேலை. ஒருநாள் அவர் நேரிலேயே வந்துவிட்டார். "போன செவ்வாக்கிழமை போட்ட படத்தையே இந்த செவ்வாக்கிழமையும் போடறீங்க. பாக்கறவன் மனுஷனா இல்லையா?" முதலாளி சிரித்துக்கொண்டே, "அப்ப நீங்களே வந்து எடுத்துக் குடுங்க சார்" என்றார். கேலிக்குத்தான் சொன்னார். மறுநாள் காலை ஒன்பதரைக்கு சார் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்துவிட்டார். பத்து வருடம் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

ரெக்கார்ட் ரூம் மனிதருக்கு எதையும் இனம் பிரிக்காமல் இருக்க முடியாது. படங்களையும் பிரித்தார். திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து படம், ஐந்துக்கும் ஒரே சரடு. கடிதம் மாறிப்போகும் வாரம். மாமியார் திருந்தும் வாரம். பார்வை திரும்பும் வாரம். மழையில் கதவு தட்டும் வாரம். அரசியல்வாதி ஒருவர் இறந்த துக்க நாளில்கூட, அந்த வாரத்துச் சரடு அறுந்துவிடக் கூடாதே என்று தவித்த மனிதர் அவர். "ஒரு படத்தைத் தனியா பாத்தா அது கதை. அஞ்சு படத்தை வரிசையா பாத்தா அது நம்ம ஊரு" என்பார். நான் கொட்டாவி விடுவேன். அவருக்குக் கோபம் வரும்.

கார்த்திகை தீப வாரத்தில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊரே ஜனக்கூட்டமாக இருக்கும் அந்த வாரத்துக்கு என்று சார் யோசித்து யோசித்து ஒரு சரடு எடுத்தார். திருவிழாவில் பிரிந்த பிள்ளைகள் கடைசி ரீலில் ஒன்றுசேரும் படங்கள். அது போதாதென்று திரையின் அடியில் எழுத்து ஓட விட்டார்: 'திருவிழாவில் காணாமல் போன குழந்தைகள், தினமும் மூன்று மணிக்கு, நமது சேனலில்.' என் போன் விடாமல் அடித்தது. குழந்தையை எங்கே வந்து வாங்கிக்கொள்வது என்று கேட்டார்கள். சிரித்துச் சிரித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது விழுப்புரம் பக்கத்து ஆள் ஒருவர் மனைவியோடு மாடிப்படி ஏறி ஓடிவந்தார். "எங்க பாப்பா இங்க இருக்குதுங்களா?" என்றார். அந்த அம்மாவின் கையில் ஒற்றைக் குழந்தைச் செருப்பு இருந்தது. யாரும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. சார் படத்தை நிறுத்தச் சொன்னார். பிள்ளையின் பெயரையும் பாவாடை நிறத்தையும் திரை முழுக்கப் போடச் சொல்லிவிட்டு, செருப்பு மாட்டக்கூட நேரமில்லாமல் அவர்களோடு தெருவில் இறங்கினார். இருட்டும் நேரத்தில், போலீஸ் கொட்டகையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த பிள்ளையைக் கண்டுபிடித்தார்கள். சார் கால் வீங்கித் திரும்பி வந்தார். "படம் பாக்கறவங்க கம்மியா இருக்கலாம் லதா. அடியில ஓடற எழுத்த ஊரே படிக்குது" என்றார். அதை அவர் சிரிக்காமல்தான் சொன்னார்.

யாராவது பார்க்கிறார்களா என்பதுதான் அவரை அரித்த ஒரே கேள்வி. மனைவி இறந்து, மகள் பெங்களூர் போய், காலி வீட்டிலிருந்து வருகிற மனிதர். காலி ஊருக்குப் படம் போடுகிறோமோ என்று பயந்தார். ஒருநாள் முதலாளி, "இந்த மாசம் உங்க படத்துக்கு ஒரு போன்கூட வரல சார். அந்த டைம்ல விளம்பரம் ஓட்டிக்கலாம்" என்றார். சார் சாப்பிடாமலே டிபன் பாக்ஸை மூடினார். சாயங்காலம் என் மேஜைக்கு வந்து நின்றார். "இன்னைக்கு யாராவது பேசினாங்களா?"

"பேசினாங்க சார்" என்றேன். "கீழ்பென்னாத்தூர்ல இருந்து ஒரு அம்மா. மல்லிகானு பேரு. படம் நல்லா இருந்துதுனு சொல்லச் சொன்னாங்க."

அப்படி யாரும் பேசவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன். திருப்பிக் கூப்பிட நம்பர் கேட்டார். பக்கத்து வீட்டுப் போன், கூப்பிட வேண்டாம் என்றார்கள் என்றேன். முதலாளியிடமும் அதையே சொன்னேன். மூன்று மணிப் படம் பிழைத்தது.

ஒரு போனோடு மல்லிகாவை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. வாரம் ஒருமுறை பேச வைத்தேன். இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் செங்கம் சாலைக்குப் பின்னால், ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் தங்கும் அறைகளுக்கு நடுவே, ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். மௌனம் பழக எங்கிருந்தெல்லாமோ அங்கே வருகிறார்கள். எனக்கு அது வாடகையோடு சேர்ந்தே கிடைத்தது. என் கணவர் இறந்த பிறகு, ஒரு நாள் முழுக்க என்னிடம் யாரும் எதையும் கேட்காத நாட்கள் உண்டு. மல்லிகாவிடம் மட்டும் ஒரு மனிதர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் காட்சி பிடித்ததா, அந்தப் பாட்டு நீளமா, அடுத்து என்ன போடலாம்? நான் மேஜையடியில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் படம் முழுவதையும் பார்த்துவிட்டு, மல்லிகா சொன்னதாகச் சொல்வேன். சார் தலையாட்டிக் கேட்பார். "உனக்கு ரசனை கம்மி லதா. மல்லிகாம்மாவைப் பாத்துக் கத்துக்க" என்பார்.

ஒருமுறை மல்லிகா சொன்னாள்: "படத்துல தனியா இருக்கற பொம்பளை ஒண்ணு செத்துப்போறா, இல்ல கோயிலுக்குப் போறா. தனியா உக்காந்து நிம்மதியா ஒரு வேளை சோறு தின்ற மாதிரி ஒரு படம் இல்லையா?" சார் இரண்டு மாதம் தேடினார். நூற்றுக்கணக்கான படங்களை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். மூன்றுதான் கிடைத்தன. ஐந்து இல்லாமல் வாரம் அறிவிக்காத மனிதர், திங்கள் செவ்வாய் புதன் மட்டும் போட்டார். அடியில் எழுத்து ஓடியது: 'கீழ்பென்னாத்தூர் நேயர் மல்லிகா அவர்களுக்காக.' இரண்டாவது படத்தில் ஒருத்தி வாழையிலை போட்டு, தனக்குத் தானே நெய் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள். நான் அழுதேன். அந்தப் பக்கம் வந்த சார், "கண்ல என்னா?" என்றார். ஃபேன் தூசி என்றேன்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை அவர் கீழ்பென்னாத்தூருக்கே பஸ் ஏறிப் போய்விட்டார். திங்கட்கிழமை வந்து சொன்னார்: "ரெண்டு மல்லிகா இருக்காங்க. ஒருத்தங்க மல்லாக்கொட்டை காயப்போட்டுட்டு இருந்தாங்க, வீட்ல டிவியே இல்லையாம். இன்னொண்ணு ஸ்கூல் போற பொண்ணு. வெயில் ஜாஸ்தி, திரும்பிட்டேன்." அவர் முகம் கறுத்திருந்தது. அன்றே சொல்லியிருக்க வேண்டும். "அவங்க பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காங்களாம் சார், காலைலதான் பேசினாங்க" என்றேன். "அதான பாத்தேன்" என்று அப்படியொரு நிம்மதியோடு உட்கார்ந்தார். எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. எதிரில் இருப்பவளை ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாமே.

கடைசியில் சேனலையே மூடிவிட்டார்கள். சாரை மகள் அழைத்துப் போனாள். மாதம் ஒருமுறை கூப்பிடுவார். "இங்க வீட்ல நாலு பேரு, நாலு போனு. ஒரே படத்த ரெண்டு பேரு பாக்கறதில்ல" என்பார். அப்புறம், மல்லிகாம்மா பேசினாங்களா என்று கேட்பார். கடைசியாகப் பேசியபோது குரலில் மூச்சு வாங்கியது. "நாலாவதும் அஞ்சாவதும் கிடைச்சிடுச்சு லதா. வாரம் முழுசாயிடுச்சு. அவங்ககிட்ட சொல்லிடு." சொல்லத்தான் வாயெடுத்தேன். "சொல்றேன் சார்" என்று மட்டும்தான் வந்தது.

பதினாறாம் நாள் காரியத்தில் உங்களில் சிலர், "அந்த மல்லிகா அம்மாவுக்குத் தகவல் சொன்னீங்களா?" என்று என்னைக் கேட்டீர்கள். சாரின் மகள் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தாள். மேலே அவர் கையெழுத்தில் 'மல்லிகா அம்மா, கீழ்பென்னாத்தூர்' என்று இருந்தது. உள்ளே ஒரு பென் டிரைவ். "அவங்கள உங்களுக்குத்தான் தெரியும்னு அப்பா சொல்லுவாரு ஆன்ட்டி. சேர்த்துடறீங்களா?" என்றாள். சேர்த்துடறேன்மா என்றேன். தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது. மல்லிகா அன்று பந்தியில் உட்கார்ந்து, உங்களோடுதான் சாப்பிட்டாள். என்னை மன்னியுங்கள்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கவரும், அவர் யாருக்கோ கொடுப்பதாக நினைத்து எனக்குக் கொடுத்த மரியாதையும்தான். நேற்று மூன்று மணிக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு நான்காவது படத்தைப் பார்த்தேன். நல்ல படம் சார். நடுவில் ஒரு பாட்டு மட்டும் நீளம். ஐந்தாவதை இன்னும் போடவில்லை. போட்டுப் பார்த்து முடித்தால், மல்லிகா என்ன சொன்னாள் என்று கேட்க ஆள் இல்லை.