பின்கால் இல்லாத நாற்காலி

நாமக்கல் கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருந்த சின்னராஜுக்குக் கோணலாக எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. அடுத்த கடைப் பலகை சாய்ந்திருந்தால், கேட்காமலே போய் நிமிர்த்திவிட்டு வருவார். ஊரே மெச்சிய குணம்தான். அதுவே அவருக்கு வினையாக முடிந்தது.

1934-இல் வக்கீல் பாலசுந்தரம் பம்பாயிலிருந்து ஒரு ஜெர்மன் நாற்காலி வரவழைத்தார். சைக்கிள் கைப்பிடிபோல வளைத்த எஃகுக் குழாய், உட்காரும் இடத்தில் பிரம்புப் பின்னல். தரையில் கிடக்கும் குழாய் முன்பக்கமாக மேலேறி, இருக்கையாகி, முதுகாகி முடிந்துவிடும். பின்பக்கம் கால் கிடையாது. சைக்கிளைப் பார்த்துச் சீமைக்காரன் ஒருவனுக்கு வந்த யோசனையாம், வக்கீல் சொல்வார்.

வாங்கியது மனைவி சாரதாமணிக்காக. பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு கால்களும் விளங்காமல் போயிருந்தன. எழுந்து நின்று தூளியை ஆட்ட முடியாது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து உடம்பை லேசாக அசைத்தால் போதும், குழாய் மேலும் கீழும் ஆடும். மடியில் கிடக்கும் கைக்குழந்தை வசந்தாமணி அப்படியே தூங்கிவிடுவாள். பெற்ற பிள்ளைக்கென்று சாரதாமணியால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

சின்னராஜுக்கு இது தெரியாது. வக்கீல் சேலம் கோர்ட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், வக்கீலின் சைக்கிளைப் பழுதுபார்க்கச் சின்னராஜ் அவர் வீட்டுக்குப் போனார். பிள்ளையின் காதுகுத்துக்காக வீடு கழுவி, சாமான்களை வாசலில் போட்டிருந்தார்கள். நாற்காலியைப் பார்த்ததும் கை அரித்தது. வக்கீலின் தாயார் பொன்னாத்தாளிடம் போய் நின்றார்.

“ஏனுங்க ஆத்தா, ரயில்ல வரும்போதே பின்கால் ரெண்டும் உளுந்துபோச்சாட்ட இருக்குதுங்க. விசேஷ ஊட்டுல ஒடிஞ்ச சாமான் ஆவுங்களா? நானே வெச்சுத் தாரேனுங்க.”

“எனக்கும் அது உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு சாமி. எடுத்துக்கிட்டுப் போ.”

உள்ளறையில் படுத்திருந்த சாரதாமணியை யாரும் கேட்கவில்லை.

ஒரு தரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் அந்த நொடியே சின்னராஜுக்குப் புரிந்திருக்கும். ஆனால் வக்கீல் வீட்டு நாற்காலியில் வேலைக்காரன் உட்காருவதாவது! மரியாதை தெரிந்த மனுஷன், தரையில் குந்தியபடியே இரண்டு சைக்கிள் குழாயை அறுத்து, பித்தளையை உருக்கிப் பற்றவைத்தார். நாற்காலி அசையாமல் நின்றது. காசுகூட வாங்கவில்லை.

காதுகுத்து முடிந்த நாலாம் நாள் வக்கீல் வீட்டிலிருந்து ஆள் வந்தது. சின்னராஜ் போனபோது சாரதாமணி நாற்காலியில் இருந்தாள். பக்கத்து அறையில் வேலைக்காரி தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் வெச்சிருக்கறீங்கண்ணா,” என்றாள் சாரதாமணி. “ஆனா இப்ப ஆட மாட்டேங்குது. பாப்பா எங்கிட்ட தூங்கறதில்லீங்க.”

திட்டியிருந்தாலாவது தேவலை. சின்னராஜ் அன்றைக்கே கால்களை அறுத்தெடுத்தார். ஆனால் தீ பட்ட இடத்தில் குழாய் இளகிப் போயிருந்தது. ஆள் உட்கார்ந்ததும் பின்னால் சரிந்தது.

புதிதாக ஒன்று செய்து தருகிறேன் என்று கும்பிட்டுவிட்டு வந்தார். குழாய்க்குள் மணலை அடைத்து, காய்ச்சி வளைத்துப் பார்த்தார். சைக்கிள் குழாய் நசுங்கியது. தண்ணீர்க் குழாய் வளைந்தது, ஆனால் ஆடவில்லை. அதற்குள் யுத்தம் வந்து, இரும்பு கண்ணில் படாமல் போயிற்று. இடையில் எத்தனையோ பேருடைய சைக்கிளை நேராக்கிக் கொடுத்தார். அடுத்த கடைப் பலகையை மட்டும் தொடுவதை விட்டுவிட்டார்.

1943-இல் ஏலத்தில் கிடைத்த ஆஸ்பத்திரிக் கட்டில் குழாய் கைகொடுத்தது. பிரம்பு பின்னி, நாற்காலியைத் தலையில் வைத்து அவரே சுமந்துகொண்டு போனார்.

“மொதல்ல நீங்க உக்காந்து பாருங்கண்ணா,” என்றாள் சாரதாமணி.

“கடையிலயே உக்காந்து பாத்துட்டுத்தானுங்க அம்மிணி கொண்டாந்தேன்.”

அவளைத் தூக்கி உட்கார வைத்தார்கள். உடம்பை அசைத்தாள். ஆடியது. முகமெல்லாம் சிரிப்பாக, “கண்ணு, இங்க வா” என்று வசந்தாமணியைக் கூப்பிட்டு மடியைத் தட்டினாள். பத்து வயசுப் பெண் கூச்சத்தோடு வந்து மடி நுனியில் உட்கார்ந்தாள். அவள் கால் இரண்டும் தரையில் ஊன்றின. நாற்காலி நின்றுவிட்டது.

“போம்மா, நான் என்ன பாப்பாவா?” என்று இறங்கி ஓடிவிட்டாள்.

சின்னராஜால் தலை நிமிர முடியவில்லை.

“நல்லா ஆடுதுங்கண்ணா,” என்றாள் சாரதாமணி. அவர் மனசு நோகக்கூடாது என்று, வெறும் மடியோடு இன்னும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தாள்.