தங்கராசு சாரின் இரண்டாம் நாள்

பெரம்பலூரில் திருச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் இருந்த தங்கராசு சார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அதற்கான பதிலோடு கிளம்பியிருந்தேன். எங்கள் மாலை வகுப்பில் படிக்கும் கமலா ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"எறங்கிடுங்க டீச்சர். சாரை ஊருக்கே கொண்டு வராங்களாம்."

"ஒடம்பு தேவலையா?"

அவள் ஜன்னல் வழியாக என் கைப்பையை வாங்கிக்கொண்டாள். பஸ் புறப்பட்டுப் போனது. நான் பதிலோடு கீழே நின்றேன்.

இதைப் படிப்பவர்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் ஆபீஸிலோ கிடங்கிலோ வேலை எப்படிக் கைமாறிப் போகிறது, எங்கே தேங்குகிறது, எதை மாற்றினால் ஓடும் என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வகுப்பின் பாடம். குமாஸ்தாக்களும் மேஸ்திரிகளும் வேலை முடிந்து மாலையில் வந்து படிப்பார்கள். 'சிஸ்டம் கிளாஸ்' என்று ஊரில் பெயர். பூலாம்பாடிப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அங்கே இந்த வேலையைக் கற்றுக்கொண்டவர் தங்கராசு சார். நான் பி.காம். முடித்துவிட்டு டுடோரியலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுவில், பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் இருவரும் சேர்ந்து இந்த வகுப்பைத் தொடங்கினோம். கரும்பலகை என்னுடையது. மாணவர்களை வேலை நடக்கும் இடத்துக்கே அழைத்துப் போகும் வெளிவகுப்பு அவருடையது.

நான் பலகையில் கட்டம் கட்டமாக வரைந்து அம்புக்குறி போடுவேன். அவர் கதவோரம் நின்று பார்த்துவிட்டு மாணவர்களிடம் சொல்வார்: "டீச்சர் போடுற கட்டத்துல இருக்குறவங்களுக்குக் காச்சலே வராது. யாரும் சம்சாரத்தோட சண்ட போட்டுட்டு வர மாட்டாங்க."

"உங்க கட்டத்துல ஒண்ணாவது நேரா இருக்கா சார்?" என்று நானும் விடமாட்டேன்.

"வேலையே கோணலாத்தான நடக்குது. கோணலாத்தான் போடணும்."

அவருடைய பாடத்தை நான் முதலில் புரிந்துகொண்டது அரியலூர்ப் பக்கம் ஒரு பருத்தி அரவை ஆலையில். அன்று நானும் கூடப் போயிருந்தேன். போனால், தரை கழுவி விட்டிருந்தார்கள். மேலாளர் புதுச் சட்டை போட்டிருந்தார். மூட்டைகள் பிசகாமல் நகர்ந்தன, யாரும் யாரையும் அதட்டவில்லை. எங்களுக்கெல்லாம் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். பயிற்சிக்கு வந்தவர்கள் பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதினார்கள். தங்கராசு சார் மட்டும் பேனாவைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் சொன்னார்:

"மொத நாளு நாம பாக்குறது வேலையில்ல. அது நமக்குப் போடுற விருந்து. சாப்புட்டாச்சு. வேலைய நாளைக்குப் பாப்போம்."

மறுநாள் போனபோது மேலாளர் முகம் மாறியது. "என்னங்க, மறுபடியும் வந்துட்டீங்க?"

"நேத்து கலர் நல்லா இருந்துச்சுங்க. அதான்," என்றார் இவர். அன்றுதான் அந்த ஆலையின் உண்மையான இரைச்சலைக் கேட்டோம்.

இந்த வழக்கம் சுற்றுவட்டாரத்தில் பரவியதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. செந்துறையில் ஒரு கிடங்குக்குப் போனபோது முதல் நாளும் சுத்தம், இரண்டாம் நாளும் சுத்தம். இரண்டாம் நாள் கிளம்பும்போது கிடங்குக்காரர் பெருமையோடு சொல்லிவிட்டார்: "நீங்க ரெண்டு நாளு வருவீங்கன்னு கேள்விப்பட்டோம் சார். அதான் எல்லாத்தையும் ரெடி பண்ணி வச்சிருந்தோம்." சார் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். "சரி டீச்சர், நமக்கும் புத்தி வரட்டும். இனிமே மூணு நாளு."

அவர் விளையாட்டாகப் பேசுவார், ஆனால் வளைந்துகொடுக்க மாட்டார். வெங்காய மண்டி ஒன்றின் முதலாளி எங்களை அழைத்து, எடை போடுகிற ஆள் மந்தம், அப்படியே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். "முடிவ நீங்களே வச்சிருந்தா எங்கள எதுக்குங்க கூப்புட்டீங்க? தபால்ல அனுப்பியிருக்கலாமே," என்று சார் எழுந்துவிட்டார். அந்த வேலை எங்களுக்கு வரவில்லை. அன்று எனக்கு அவர்மேல் கோபம்தான். இன்று இல்லை.

போன மாதம் அவர் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது பார்க்கப் போனேன். தேய்த்த சட்டை போட்டு, தலை வாரி, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். புது மாணவர்களைப் பற்றி விசாரித்தார், கமலாவின் கையெழுத்தைக் கிண்டல் செய்தார். நிம்மதியோடு திரும்பினேன். பஸ் பாடாலூர் தாண்டியபோதுதான் அந்தத் தேய்த்த சட்டை என் மனதில் உறுத்தியது.

மறுநாளும் போனேன். கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவர் மனைவி அஞ்சலை கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்துதான பாத்துட்டுப் போனீங்க, டீச்சர்?" என்றார் சார், கண்ணைத் திறந்து.

"நேத்து நீங்க கலர் ஒடச்சுக் குடுத்தீங்க, சார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும் வந்தது. "அக்கா, சிரிக்க வைக்காதீங்க, கஞ்சியெல்லாம் சிந்துது," என்று அஞ்சலை என்னை அதட்டினாள். அதட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன்பிறகு அவர் மறைக்கவில்லை. பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டதைச் சொன்னார். பயமாக இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்: "நான் இல்லன்னா கிளாஸு வெறும் கட்டமா போயிடும். வெளிவகுப்ப நீங்க எடுப்பீங்களா?"

முன்பின் தெரியாதவர்கள் வேலை செய்யுமிடத்தில் போய் நிற்பதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது அவருக்குத் தெரியும். இருந்தும் நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"இப்பச் சொல்லாதீங்க. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. வூட்டுக்குப் போயி, சோறாக்கி, துணி தொவச்சு, அலுப்பா இருக்குறப்ப யோசிங்க. அப்பறம் வந்து சொல்லுங்க."

அப்படியே செய்தேன். சோறாக்கினேன், துணி துவைத்தேன், ஒருநாள் மாட்டேன் என்றுகூட முடிவு செய்தேன். கடைசியில் ஒரு பதிலோடு பஸ் ஏறியதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். 'எடுக்கிறேன் சார், ஆனால் எனக்கும் பயமாக இருக்கிறது' என்பதுதான் அந்தப் பதில். கேட்டிருந்தால் ஏதாவது கிண்டல் செய்திருப்பார்.

சாரின் காரியம் முடிந்த மறுவாரம் மாணவர்களைக் குன்னத்தில் ஒரு பருத்திக் கிடங்குக்கு அழைத்துப் போனேன். வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். எடைக்காரர் நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். சூடாக டீ வந்தது. கமலா பேனாவைத் திறந்தாள்.

"மூடி வைம்மா, டீயக் குடி," என்றேன்.

கிளம்பும்போது கிடங்கு மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "அவ்வளவுதானுங்களாம்மா?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விழுங்கிவிட்டுச் சொன்னேன்:

"நாளைக்கும் வருவோமுங்க."

சார் எனக்கு விட்டுப்போனது அந்த இரண்டாம் நாள்தான், அவர் கேட்ட கேள்விக்கு என் பதிலும் அதுதான்.